முதலில் கெட்டதைக் கேட்பவர்

நாங்கள் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த அன்று, சாமான்கள் எல்லாம் இன்னும் நடைபாதையில் கிடக்கும்போதே, எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓர் அக்கா வந்தார். புதிதாக வருகிறவர்களைப் பார்க்க வருபவர்கள் கையில் ஏதாவது கொண்டுவருவார்கள். இவர் கையை வீசிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"லிஃப்ட் அடிக்கடி ரோசாக் ஆகி நின்னுடும். மழை அடிச்சா அடுப்படி சன்னல் வழியா தண்ணி உள்ள வரும். மேல்மாடிக்காரரு ஞாயித்துக்கிழமை கராவோக்கே பாடுவாரு, சுதியே சேராது. மத்தபடி நல்ல வீடுலா."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மனைவி கமலாவுக்குக் கோபம். "இன்னும் பாலே காய்ச்சல. அதுக்குள்ள வந்து அபசகுனமா பேசுறாங்க பாருங்க" என்றாள். ஆனாலும் அடுப்படி சன்னலுக்குக் கீழே வைத்திருந்த துணி மூட்டைகளை நகர்த்தி வைத்தாள். சாயங்காலம் மழை பெய்தது. தண்ணீர் உள்ளே வந்தது. மூட்டைகள் நனையவில்லை. மறுநாள் கமலாவே ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பாயசமா? எனக்கு இனிப்பு நீர் வியாதி. ஆனா கொடு, கணக்குப் பாத்துச் சாப்பிடுறேன்" என்று வாங்கிக்கொண்டாராம்.

இந்த அடுக்குமாடிப் பிள்ளைகளே, அந்த அக்காவைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அவர் பெயர் வேண்டாம். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என் பிள்ளைகள் அத்தை என்றார்கள். இப்போது எதிர்வீட்டில் வேறு ஒரு குடும்பம் இருக்கிறது.

என் வேலை உயிர்மீன் லாரி ஓட்டுவது. பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்தில் கடலுக்குள் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறார்கள். அந்த மீனை உயிரோடு தொட்டியில் ஏற்றி, பாலம் தாண்டி, தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் உணவகங்களில் கொண்டுபோய் இறக்குவேன். சில நாள் மிச்சம் இருந்தால் வீட்டுக்கும் கொண்டுவருவேன். அக்காவும் என்னிடம் வாங்குவார். வாங்கும்போது ஒரு தடவைகூட மீன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டதில்லை.

"தம்பி, முதல்ல கெட்டதைச் சொல்லு."

"கெட்டது ஒண்ணும் இல்லக்கா. இப்பத்தான் தொட்டியில இருந்து எடுத்தேன்."

"கெட்டது இல்லாத மீனு கடல்லயே இல்ல. யோசிச்சுச் சொல்லு."

"சரி, வால் பக்கம் ஒரு காயம் இருக்கு. கூண்டுல உரசியிருக்கும்."

"அவ்வளவுதானே? கொடு."

எல்லாரிடமும் இப்படித்தான். பாசாரில் மாம்பழம் விற்கிறவரிடமும், தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்க வந்தவரிடமும், பள்ளித் தேர்வு முடிந்து ஓடிவந்த என் மகளிடமும் அதே கேள்விதான். "எதுல தப்பு விட்டே? அதை முதல்ல சொல்லு" என்பார். மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கணக்கில் இரண்டு தப்பு என்பாள். "நல்லது. எங்க தப்புன்னு உனக்கே தெரிஞ்சிருக்குல்ல" என்று தலையைத் தட்டுவார். அவர் தொழிற்சாலையில் பார்த்த வேலையும் அதேதான். செய்து முடித்த பொருளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. "குறை சொல்றதுக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க தம்பி. எனக்கு அது சும்மாவே வரும்" என்பார்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே கமலாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், அம்மா காப்பி கொண்டுவரும் முன்பே இவர் ஆரம்பித்துவிட்டாராம். தினமும் ஊசி போட வேண்டும், சில சமயம் மயக்கம் வரும், பிள்ளை பெறும்போது கூடுதல் கவனம் வேண்டும், எல்லாம்.

"அப்புறம்?" என்று கேட்டாள் கமலா.

"அப்புறம் என்ன, காப்பி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எங்கம்மா மூணு நாள் என்கூடப் பேசல."

"கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்லக்கா."

"எப்போ? தாலி கட்டுன பொறவா?"

இந்த இனிப்பு நீர் என்கிற நீரிழிவைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவன். அக்கா எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு அது சின்ன வயதில் வந்தது. மிட்டாய் தின்று வந்ததல்ல. உங்கள் வகுப்பில் யாருக்காவது இருந்தால் அப்படிச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் அங்கங்கே சின்னச் சின்னத் திட்டுகளாக உயிரணுக்கள் இருக்கின்றன. இரத்தத்தில் சீனி எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதற்குத் தேவையான இன்சுலினைச் சுரப்பது அவற்றின் வேலை. இன்னொரு பக்கம், கிருமி வந்தால் விரட்டுவதற்கு நம் உடம்பில் ஒரு காவல் இருக்கிறது. நம் அடுக்குமாடி வாசலில் காவல்காரர், நம் ஜாகா, உட்கார்ந்திருப்பதைப்போல. அக்காவின் உடம்பில் அந்த ஜாகா ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக்காரரையே அடித்துவிட்டது. திட்டுகள் செத்துப்போயின. அன்றிலிருந்து இன்சுலினை ஊசி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஊசி கொஞ்சம் கூடினாலும், சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் சீனி இறங்கிவிடும். அது இறங்கும்போது பொதுவாகக் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். உடனே எதையாவது இனிப்பாகக் குடித்தால் சரியாகிவிடும். ஆனால் பல வருடமாக அடிக்கடி இறங்கி இறங்கி, அக்காவின் உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதையே விட்டுவிட்டது. நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. பேசிக்கொண்டே இருப்பார், அப்படியே சரிந்துவிடுவார். கையில் சீனியை அளக்கும் ஒரு வில்லை ஒட்டியிருப்பார். சீனி இறங்கினால் அது கைப்பேசியில் மணி அடிக்கும். ஆனால் மணி அடித்துக் கைப்பேசியைப் பார்ப்பதற்குள் சில நாள் மூளை மங்கிவிடும். அதனால் அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மயங்கினால் போட வேண்டிய, சீனியை ஏற்றும் வேறு ஊசியைக் கமலா கற்றுவைத்திருந்தாள்.

கீழ்த்தளத்தில் ஒரு பாய் தேநீர்க்கடை வைத்திருந்தார். அக்காவின் அம்மா உயிரோடு இருந்தபோது அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார்: என் பெண் கேட்டாலும் சீனி போடாதே என்று. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாய் வாக்கைக் காப்பாற்றினார். அக்கா வந்து உட்கார்ந்தால் போதும், கேட்காமலே கோசோங், அதாவது சீனி போடாத தேநீர், மேசைக்கு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் கைப்பேசி மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"பாய், சீனி போட்டுத் தே கொடுங்க. நிறைய போடுங்க."

பாய் சிரித்தார். "தங்கச்சி, என்கிட்டயேவா? உங்கம்மா மேலேருந்து பாத்துக்கிட்டு இருக்காங்க."

"விளையாடாதீங்க. சீனி வேணும்."

"நான் கொடுக்க மாட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போயிடுவே, நான்தானே பதில் சொல்லணும்?"

அக்கா ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. சீனி இறங்கினால் பேச்சு மாறும் என்று எனக்கு அப்போது தெரியாது. பக்கத்து மேசைக்காரர் ஒருவர், "பாய், அக்காவுக்கு இன்னைக்கு சூடு ஜாஸ்தி, ஐஸ் போட்டுக் கொடுங்க" என்று கிண்டல் செய்தார். பாயும் முகம் சுருங்கிப்போய்க் கோசோங்கைக் கொண்டுவந்து வைத்தார். மூளை மங்கியிருந்த அக்கா அதைச் சீனித் தேநீர் என்று நினைத்துக்கொண்டு மடமடவென்று குடித்து முடித்தார். குடித்துவிட்டுச் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். அப்படியே நாற்காலியோடு சாய்ந்தார்.

யாரோ சீனித் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்ற வந்தார். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று கமலா சொல்லியிருந்ததால் தடுத்தேன். அவளுக்குப் போன் போட்டேன். ஊசியை எடுத்துக்கொண்டு அவள் படியிலேயே ஓடி வந்தாள், லிஃப்டுக்குக் காத்திருக்காமல். தொடையில் போட்டாள். ஆம்புலன்சும் வந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார்.

பாய் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. திறந்ததும் வேறு தொல்லை. அக்காவைப் பார்த்தால் உடனே சீனி கொட்டிய தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். "பாய், இப்போ வேணாம், இப்போ ஏறிக் கிடக்கு!" என்று அக்கா கத்துவார். "எனக்கு எப்படித் தெரியும், தங்கச்சி?" என்று பாய் கேட்பார்.

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல தம்பி" என்றார் அக்கா என்னிடம். "எனக்கே தெரிய மாட்டேங்குது. அவருக்கு எப்படித் தெரியும்? ஊசி போட்டுக்கிறது எனக்கு ஒரு கஷ்டமே இல்ல, சாகுற வரைக்கும் போட்டுக்குவேன். எனக்கு அந்த நடுக்கம் திரும்ப வந்தாப் போதும்."

அதற்கு ஒரு வழி இருப்பதாக அவர் படித்திருந்தார். இறந்துபோனவர் ஒருவரின் குடும்பம் மனம் வைத்துக் கணையத்தைக் கொடுத்தால், அதிலிருந்து திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக நோயாளியின் கல்லீரலுக்குள் விடுகிறார்கள். அவை அங்கே தங்கி இன்சுலின் சுரக்கும். ஊசி முழுக்க நிற்காவிட்டாலும் பலருக்கு எச்சரிக்கை திரும்ப வருகிறதாம்.

கணையத் திட்டுகளைக் கல்லீரலில் ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். போய்ச் சேர எளிதான இடம், ஆனால் அதுதான் நல்ல இடமா என்று டாக்டர்களுக்கே இன்னும் சந்தேகம் என்றார். போன முதல் சில நாளிலேயே நிறைய செத்துவிடுகின்றனவாம். காற்று போதவில்லை, இரத்தக்குழாய் வந்து சேரவில்லை.

எனக்கு அது உடனே புரிந்தது. "மீனும் அப்படித்தான்கா. லாரியில சாகாது. புதுத் தொட்டியில இறக்குன அன்னைக்குத்தான் சாகும். காத்துக் குழாயைக் கூடப் போட்டு விடணும்."

"சரி, உன் மீனைக் கொல்ல யாராவது தொட்டிக்குள்ள வர்றாங்களா?"

"இல்ல."

"இங்க என் ஜாகா வருவான். அவனைத் தூங்க வைக்க மாத்திரை. அவன் தூங்கினா எல்லாக் கிருமியும் உள்ள வரும். உன் மீனு கொடுத்து வச்சது."

அவருடைய தம்பி வெளிநாட்டில் குடும்பத்தோடு இருந்தார். அந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சிகிச்சையைத் திருத்திச் செய்து பார்க்கும் ஆய்வு நடந்தது. அக்கா தம்பி வீட்டில் தங்கி அதில் சேரலாம் என்று வழி பிறந்தது. டாக்டர் அம்மா ஒருவர் கைப்பேசித் திரையில் பேசினார். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்று அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேச்செல்லாம் ஆங்கிலம். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அக்கா பிறகு சொன்னார்.

டாக்டர் நல்ல செய்தியிலிருந்து தொடங்கினார். அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார். "டாக்டர், முதலில் கெட்டதைச் சொல்லுங்கள்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். குழாய் விடும்போது இரத்தம் கசியலாம். மாத்திரையால் தொற்று வரலாம், சிறுநீரகம் கெடலாம், புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடலாம். திட்டுகள் உயிரோடு இருக்கும் வரை மாத்திரையை விட முடியாது. ஒருவர் கொடுத்தது போதாமல் இன்னொருவர் கணையத்துக்கும் காத்திருக்க நேரலாம். எல்லாம் செய்த பிறகும் சில வருடத்தில் திட்டுகள் ஓய்ந்துபோகலாம்.

"இதில் நீங்கள் புதிதாக என்ன செய்கிறீர்கள்?" என்று அக்கா கேட்டார்.

பிரித்தெடுத்த திட்டுகளை உடனே அனுப்பாமல், தனியாக வைத்துக் காற்றும் ஊட்டமும் கொடுத்துத் தேற்றி, முதல் சில நாள் அடியைத் தாங்குவதற்கு ஒரு மருந்தும் கொடுத்து அனுப்புகிறோம் என்றார் டாக்டர்.

"அதனால் எவ்வளவு கூடுதலாகப் பிழைக்கும்?"

"தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு."

பேச்சு முடிந்ததும் அக்கா பச்சைத் தண்ணீர் குடித்தார். "தெரியாதுன்னு சொன்னாங்க பாத்தியா? அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்றார்.

கமலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இப்படியே வில்லையும் ஊசியுமா இருந்துடலாம்லக்கா. நான் இருக்கேன்ல எதிர்ல" என்றாள்.

"நீ பாசாருக்குப் போயிருந்தா?"

"போக மாட்டேன்."

"உன்னைக் கட்டிப்போட்டு நான் உயிரோட இருக்கணுமா?"

அக்கா வேறு ஒன்றும் சொன்னார். "இதுல இருக்கிற பெரிய கெட்டதை டாக்டர் சொல்லல. யாரோ ஒரு வீட்டுல சாவு விழுந்தாத்தான் எனக்கு இது கிடைக்கும். அந்த வீட்டுல அழுதுகிட்டு இருக்கும்போது ஒருத்தர் காயிதத்துல கையெழுத்துப் போடணும். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல." ஆனாலும் போவதென்று முடிவு செய்திருந்தார்.

விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். பாய் ஒரு பையில் சீனிப் பொட்டலங்களைப் போட்டுக் கொடுத்தார். "அங்க எவன் கொடுப்பானோ மாட்டானோ" என்றார்.

அதன் பிறகு செய்தி எல்லாம் கைப்பேசி வழியாகத்தான். கணையம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆனது. ஒரு தடவை கூப்பிட்டு, பிரித்துப் பார்த்ததில் திட்டுகள் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை நடந்தது. அக்காவின் குரல் பதிவு வந்தது. "கமலா, ஊசி நிக்கல. மாத்திரையால வாயெல்லாம் புண்ணு, கஞ்சிதான் குடிக்கிறேன். ஒரு தடவை காய்ச்சல் வந்து மறுபடி ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. உள்ள போனதுல பாதிக்கு மேல செத்துருக்கும்னு நினைக்கிறாங்க. மிச்சம் உயிரோட இருக்கு, இன்சுலினும் சுரக்குதாம்." கமலா அதை இரண்டு முறை கேட்டாள். மிச்சம் என்றால் எவ்வளவு என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

இதுவரை அவர் திரும்பி வரவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் வீட்டைக் கொடுத்துவிட்டார். ஊசி இப்போதும் உண்டு, முன்பைவிடக் குறைவு. மாத்திரையும் உண்டு. அந்த ஆய்வு இன்னும் முடியவில்லை. முடிந்தால்தான் டாக்டர்களுக்கே தெரியும்.

நான் சொல்ல நினைத்தது ஒரு பிற்பகலைப் பற்றி. லாரியைக் கீழே நிறுத்திவிட்டுச் சோறு சாப்பிட வந்திருந்தேன். கமலாவின் கைப்பேசியில் அக்கா முகம் வந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

"கமலா, இங்க பாரு" என்று கையைத் திரைக்கு முன்னால் நீட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"ஐயோ, என்னக்கா ஆச்சு?"

"நடுங்குது! வில்லை இன்னும் மணி அடிக்கல. அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது."

"தெரிஞ்சா எதையாவது குடிங்க! எதுக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"குடிக்கிறேன் இரு. ஒரு நிமிஷம் பாத்துக்கிறேன்."

"பாக்குறதுக்கு இது என்ன சினிமாவா? ஏங்க, நீங்க சொல்லுங்களேன்!"

நானும் கையில் சோற்றோடு திரைக்கு முன்னால் போய், "அக்கா, குடிங்க" என்றேன். அக்கா ஒரு பழச்சாறு டப்பாவை எடுத்தார். உறிஞ்சுகுழாயை ஓட்டையில் குத்த முயன்றார். கை ஆடியதில் குழாய் வழுக்கியது. மறுபடியும் குத்தினார், மறுபடியும் வழுக்கியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பல்லால கடிங்கக்கா, பல்லால!" என்று கமலா கத்தினாள்.

அக்கா டப்பாவின் மூலையைக் கடித்துக் கிழித்தார். சாறு தாடையில் வழிந்தது. குடித்துக்கொண்டே, நாங்கள் பார்ப்பதற்காக, மற்றக் கையைத் திரைக்கு முன்னால் பிடித்திருந்தார், அதன் நடுக்கம் அடங்கும் வரை.